டிரெய்லர் டாய்லெட்: ஐந்து எண்ணும்வரை மிதிக்கவும்

டாய்லெட்டின் அடியைத் திறக்கும் பெடலை மிதித்துக்கொண்டு டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். தண்ணீர் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது ஒரு குன்று. டாய்லெட் குழாய்க்கு நேர் கீழே, டேங்கின் தரையிலிருந்து எழும்பி, கையை விட்டால் தொட்டுவிடலாம் போல நின்றது. காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் டிரெய்லர் வாங்கிய பிறகு எங்களுக்கு அது இரண்டாவது பயணம். முகாமுக்கு வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

கதவுக்கு வெளியே நின்ற மனைவி, “என்னங்க, என்ன தெரியுது?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். பத்து வருடமாக டிரெய்லர் இழுப்பவர். நான் பாதி சொல்வதற்குள்ளேயே கேட்டார்: “மாப்ளே, பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வெச்சிருந்தீங்களா?”

“ஆமா மச்சான். சாக்கடைக் குழாய் பக்கத்துலயே இருக்கு. அப்புறம் எதுக்கு மூடி வைக்கணும்னு...”

அந்தப் பக்கம் பெருமூச்சு மட்டும் கேட்டது. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

டிரெய்லரில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, அது கிரே டேங்க். டாய்லெட்டுக்கு மட்டும் ஒன்று, அது பிளாக் டேங்க். எங்கள் வண்டியில் பிளாக் டேங்கின் கொள்ளளவு 110 லிட்டர் சொச்சம். பெரும்பாலான குடும்ப டிரெய்லர்களில் கிட்டத்தட்ட இதே அளவுதான். டேங்கின் அடியில் மூன்று அங்குலக் குழாய், அதில் தட்டு மாதிரி சறுக்கித் திறக்கும் வால்வு, அதை இழுக்க வெளியே ஒரு கைப்பிடி. அமைப்பு என்று பார்த்தால் இவ்வளவுதான். பம்ப் எதுவும் கிடையாது. தண்ணீரின் கனமும் வேகமும்தான் உள்ளே இருப்பதை வெளியே தள்ளியாக வேண்டும்.

முகாமில் நம் இடத்திலேயே சாக்கடை இணைப்பு கொடுத்திருந்தால், வால்வைத் திறந்து விட்டுவிட்டால் வீடு மாதிரி ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். வீட்டில் குழாய் சரிவாக ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் ஆறு லிட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போகிறது. டிரெய்லர் டேங்க்கோ சமதளம். பெடலை மிதித்தால் அதற்குள் போவது ஒரு செம்புத் தண்ணீர். வால்வு திறந்திருந்தால் தண்ணீர் மட்டும் நைசாக நழுவிப் போய்விடும். கெட்டியானது விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, காகிதத்தோடு சேர்ந்து காய்ந்து, அடுத்ததற்கு மேடை போடும். ஏழு நாளில் நான்கு பேர் சேர்ந்து கட்டிய குன்றுதான் நான் பார்த்தது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. முதல் பயணத்தில் சாக்கடை இணைப்பும் இல்லை, தண்ணீர் இணைப்பும் இல்லை. டேங்க் நிறைந்துவிடுமோ என்று பயந்து, வீட்டில் எல்லோரிடமும் “பெடலைத் தொட்டுட்டு எடுத்துடுங்க” என்று நான்தான் சட்டம் போட்டேன். அந்தப் பழக்கம் இரண்டாவது பயணத்திலும் ஒட்டிக்கொண்டது. வால்வும் திறந்திருக்கிறது, தண்ணீரிலும் கஞ்சத்தனம். குன்று வராமல் என்ன செய்யும்?

சரி, எப்படிக் கரைத்தோம்? மச்சான் சொன்னபடி முதலில் வால்வை மூடினேன். டாய்லெட் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, டேங்கை முக்கால்வாசி நிரப்பினேன். கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டதற்கு, பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெட்டுவிடும், சாதாரணத் தண்ணீரே போதும், நேரம்தான் மருந்து என்றார். இரவு முழுக்க ஊறவிட்டோம். முகாமின் பொதுக் கழிவறை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் தப்பித்தோம். காலையில் திறந்தபோது பாதிதான் போனது. மறுபடி மூடி, நிரப்பி, அப்படியே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் வண்டிக் கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் காலி செய்தோம். சாலையின் குலுக்கல் உள்ளே நன்றாகவே வேலை செய்திருந்தது. மூன்றாவது தடவை, குழாய் நுனியில் சுழலும் தலை வைத்த நீளமான கம்பி ஒன்றை டாய்லெட் வழியாக இறக்கி, எல்லாப் பக்கமும் பீய்ச்சிய பிறகுதான் டேங்கின் தரை கண்ணில் பட்டது. டேங்கில் ஐஸ் கட்டியைக் கொட்டி ஓட்டினால் உரசிச் சுத்தம் செய்யும் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். ஐஸ் மிதக்கும், தரையில் ஒட்டியிருப்பதை அது எப்படி உரசும்? கரைந்து தண்ணீரான பிறகு ஏதாவது செய்திருந்தால் அது தண்ணீரின் புண்ணியம்.

அன்றிலிருந்து சாக்கடை இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளாக் வால்வு மூடியேதான் இருக்கும். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகே திறப்பேன். கிளம்பும் நாளில் அவ்வளவு நிறையவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுத் திறப்பேன். காலி செய்து மூடியதும் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவேன். அடுத்து விழுவது காய்ந்த தரையில் விழாமல் தண்ணீரில் விழ வேண்டும். வருபவருக்கு முன்னாலேயே பாய் விரித்து வைக்கிற மாதிரி.

டேங்க் எத்தனை நாள் தாங்கும் என்பதை நான் இப்போது டேங்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் விளக்கைப் பார்த்துச் சொல்வதில்லை, தலையை எண்ணிச் சொல்கிறேன். ஒரு ஆள் ஒரு நாளைக்கு, சிறுநீரும் கழுவிவிடும் தண்ணீரும் சேர்த்து, எங்கள் பழக்கத்தில் ஆறு ஏழு லிட்டர் வருகிறது. நான்கு பேர் என்றால் 25 லிட்டர் சுமார். 110 லிட்டர் டேங்க்கில் நான்கு நாள் தாராளமாக ஓடும். ஐந்தாம் நாள் காலையில் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டே பேர் போனால் ஒரு வாரத்துக்கு மேல் கவலையில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். விருந்தாளி வந்தால் கணக்கும் மாறும்.

விளக்கை ஏன் நம்புவதில்லை என்றால், டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன உலோகக் குமிழ்கள்தான் சென்சார். தண்ணீர் எட்டும்போது அவற்றுக்கிடையே மின்சாரம் பாயும், விளக்கு எரியும். ஒரு துண்டு ஈரக் காகிதம் மேல் குமிழில் ஒட்டிக்கொண்டால் போதும், காலி டேங்க் நிறைந்த டேங்க்காகக் காட்டும். நாங்கள் வாங்கிய முதல் மாதத்திலேயே எங்கள் விளக்குப் பேனல் பொய் சொல்லப் பழகிவிட்டது. சுத்தம் செய்தால் சில நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழைய குணம். டார்ச் பொய் சொல்வதில்லை.

தண்ணீர் இணைப்பு இல்லாத இடத்தில் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க வேண்டும், டேங்க்குக்குள்ளும் தண்ணீர் விட வேண்டும் என்றால் என்ன செய்வது? எங்கள் வழி ஒரு வாளி. ஷவரைத் திறந்தால் வெந்நீர் வருவதற்கு முன் வரும் பச்சைத் தண்ணீரைப் பிடித்து டாய்லெட் பக்கத்தில் வைத்துவிடுவோம். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரையும், பருக்கை எதுவும் இல்லாமல் வடிகட்டி அதில் சேர்ப்போம். கெட்டியானது போகும்போது பெடலோடு கூட அந்த வாளியிலிருந்து ஒரு குவளை. கிரே டேங்க்குக்குப் போகவேண்டிய தண்ணீர்தான் இது. போகும் வழியில் ஒரு வேலையும் செய்துவிட்டுப் போகிறது.

காகிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்கென்றே தனியாக விற்பது எல்லாமே உசத்தி என்று இல்லை. வீட்டுக் காகிதம் எல்லாமே மோசம் என்றும் இல்லை. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பாதித் தண்ணீர் எடுத்து, நான்கு தாள் போட்டுப் பத்து விநாடி குலுக்கிப் பார்க்கலாம். என் மகள் ஒரு நாள் மாலை மேசைமேல் ஐந்து ஜாடிகளை வரிசையாக வைத்து இதைச் செய்தாள். ஒன்று கஞ்சி மாதிரி கரைந்தது. ஒன்று துணி மாதிரி முழுசாகச் சுருண்டு மிதந்தது, அதுதான் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய மெத்தென்ற மூன்றடுக்குக் காகிதம். ஈரத் துடைப்பான்களை, கரையும் என்று உறைமேல் எழுதியிருந்தாலும், டேங்க்குக்குள் போடவே கூடாது. கைஷவர் இருந்து தண்ணீரில் கழுவுகிறவர்கள் என்றால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது: காகிதம் குறைகிறது, தண்ணீர் கூடுகிறது, டேங்க்குக்கு இரண்டுமே நல்லது.

வாசனை வந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது மருந்துப் புட்டிக்கு. நானும் ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் வண்டியில் நாற்றத்துக்குக் காரணம் கழிவறைக் கூரையிலிருந்த மின்விசிறி. அது ஓடும்போது பெடலை மிதித்தால், விசிறி உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், அதை ஈடுகட்ட டேங்க்கின் காற்று டாய்லெட் வழியாக மேலே வரும். விசிறியை நிறுத்திவிட்டு மிதி, மூடியபிறகு போடு என்று மாற்றினோம். பாதி நாற்றம் அன்றே போயிற்று. மீதிப் பாதி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம். அதன்மேல் எப்போதும் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் பூட்டு. நின்ற தண்ணீர் மெல்ல இறங்கிவிட்டால் வளையத்தில் அழுக்கோ காகிதமோ சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் காய்ந்துவிட்டது. துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாசலின் தடவக்கூடாது, அது ரப்பரை ஊதிப்போகச் செய்யும். நாற்றம் டாய்லெட்டிலிருந்து இல்லாமல் ஷவர் பக்கமிருந்து வந்தால் அங்கே வளைந்த குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை ஊற்றினால் முடிந்தது.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. நொதி, பாக்டீரியா வகை மருந்துகள் கழிவைச் செரிக்க உதவும், ஆனால் அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்தவை நாற்றத்தை உடனே அடக்கும். கூடவே பாக்டீரியாவையும் கொல்லும். செப்டிக் டேங்க் வைத்திருக்கும் முகாம்களில் அதனால்தான் அதை வேண்டாம் என்கிறார்கள். பிளீச்சிங் திரவத்தை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் வரும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். அந்தக் கழிவறையோ ஒரு அலமாரி அளவுதான்.

இப்போது டம்ப் ஸ்டேஷன். எனக்கு முதலில் பயம் இதில்தான், இப்போது பத்து நிமிட வேலை. தூக்கியெறியும் கையுறை, கழிவுக்குழாயைக் கழுவ மட்டும் ஒரு தனி ஹோஸ், குடிதண்ணீர் ஹோஸ் வேறு நிறத்தில், வேறு பெட்டியில். இந்த இரண்டும் ஒரு நாளும் ஒரே பெட்டிக்குள் போகக்கூடாது. குழாயின் ஒரு முனையைத் தரைத்துளையில் அழுத்தமாகப் பொருத்தி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்து குழாயைக் கழுவிக் கொடுக்கும் என்பதற்காகத்தான் இந்த வரிசை. அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளே கிரே வால்வையும் மூடிவைத்துத் தண்ணீர் சேர்த்துக்கொள்வேன். டேங்க் வாயில் மாட்டும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் வளைகுழாய் ஒன்று வாங்கினேன். அழகான காட்சி இல்லைதான். ஆனால் ஓடுவது எப்போது பழுப்பிலிருந்து வெளிறிய மஞ்சளாக, பிறகு வெறும் தண்ணீராக மாறுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. அதற்கு முன்பெல்லாம் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தேன்.

வெளி மூடியைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கீழே ஒரு சின்ன வாளி வைப்பது என் பழக்கம். வால்வின் ரப்பரில் ஒரு சுருள் காகிதம் மாட்டியிருந்தால் அது முழுதாக மூடாது. கசிந்தது எல்லாம் மூடிக்குப் பின்னால் காத்திருக்கும். எனக்கு ஒரு செருப்பு போனது. அதற்குப் பிறகு வாயில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு ஒன்றும் சேர்த்துவிட்டேன்.

சில டிரெய்லர்களில் டேங்க்கை உள்ளிருந்தே கழுவ, வெளியில் ஒரு ஹோஸ் இணைப்பு இருக்கும். நல்ல வசதி, ஆனால் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. மச்சான் ஒரு தடவை வால்வை மூடிவைத்து இதைத் திறந்துவிட்டு, போனில் பேசப் போய்விட்டார். டேங்க் நிறைந்து, காற்றுக்குழாய் வழியாக ஏறி, கூரையில் வழிந்திருக்கிறது. பக்கத்து வண்டிக்காரர்தான் வந்து, “உங்க கூரையிலேருந்து என்னமோ ஊத்துதே” என்று சொன்னாராம். எனக்கு அறிவுரை சொல்லும்போது இந்தக் கதையை அவர் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள்.

நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்கினால், வண்டியை நகர்த்தாமல் கழிவை எடுத்துப்போகச் சக்கரம் வைத்த தொட்டி விற்கிறது. எங்களுடையது 57 லிட்டர். இங்கேதான் நான் மூன்றாவது பாடம் படித்தேன். டேங்கில் இருப்பது நூறு லிட்டர், தொட்டி கொள்வது 57. வால்வைத் திறந்துவிட்டு, தொட்டி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நிறைந்தது, உடனே மூடினேன். ஆனால் இடையில் இருந்த மூன்று மீட்டர் குழாய்? மூன்று அங்குலக் குழாய், மூன்று மீட்டர் நீளம் என்றால் அதற்குள் மட்டும் 13 லிட்டருக்கு மேல் நிற்கும். தொட்டியில் இடமில்லை, குழாயைக் கழற்றவும் முடியாது. குழாயை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி, மகள் போய் இன்னொரு வாளி கொண்டுவரும்வரை நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் முகாமில் இருந்த எல்லோரும் அந்த வழியாகத்தான் நடந்து போனார்கள். இப்போது குட்டையான குழாய், தொட்டி முக்கால் நிறையும்போதே வால்வு மூடல். நிறைந்த தொட்டி அறுபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதையும் மறக்கக்கூடாது. மேட்டில் கையால் இழுக்கிற சமாசாரம் இல்லை.

சின்ன வண்டிகளில் காசெட் டாய்லெட் இருக்கும். 18, 20 லிட்டர்ப் பெட்டி, பக்கக் கதவைத் திறந்து பெட்டி மாதிரி இழுத்து எடுத்துப்போய் ஊற்றலாம். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் களுக் களுக் என்று துள்ளி நம்மேல் தெறிக்கும். நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார், எங்கள் குன்றுக் கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நிம்மதியாகச் சிரித்தார்.

ஓட்டுகிறவர்கள் எடையையும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நிறைந்த டேங்க் நூறு கிலோவுக்கு மேல். பிளாக் டேங்க் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டி என்றால், அந்த எடை பின்பக்கத்தை அழுத்தி, கொக்கியில் விழும் பாரத்தைக் குறைக்கும். கொக்கி பாரம் மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கலாம். அலசுவதற்காகக் கொஞ்சம் தண்ணீரோடு ஓட்டுவது வேறு, நிறைந்த டேங்க்கோடு நெடுஞ்சாலையில் போவது வேறு. பனி உறையும் இடங்களில் வால்வுதான் முதலில் உறையும். அப்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் கம்பிதான் அறும். வெயில் வரக் காத்திருக்கலாம், அல்லது ஹேர் டிரையர்.

போன மாதம் மச்சான் குடும்பத்தோடு எங்கள் டிரெய்லரில் மூன்று நாள் தங்கினார்கள். கதவின் உள்பக்கம் என் கணக்குத் தாளுக்குக் கீழே மகள் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறாள்: “ஐந்து எண்ணும்வரை மிதிக்கவும். வேகமாக எண்ணக்கூடாது.” முதல் நாள் காலையில் மச்சான் உள்ளே போனார். வெளியே காபியோடு நின்ற எங்களுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணினார். ஐந்தில் நிறுத்தவில்லை, எட்டு வரை போனார்.